மலை கொஞ்சம் கிட்டத்துல இருக்கு, சார்

"நாளை முதல் அனைவரும் மனம் திறந்து பேச வேண்டும். இது கட்டளை."

விமானப்படைத் தளத்தின் அறிவிப்புப் பலகையில் தளபதி கையெழுத்திட்ட இந்தத் தாளை ஒட்டிவிட்டு, நேவிகேட்டர் இரண்டடி பின்னால் நின்று ரசித்தார். அதற்குள் எழுத்தர் வந்து அதன் கீழே இன்னொரு தாளை ஒட்டினார். மனம் திறக்க விரும்புவோர் இரண்டு நாள் முன்னதாக, பதவி வரிசைப்படி, மூன்று பிரதிகளில் அனுமதி கோர வேண்டுமாம்.

நேவிகேட்டர் தலையில் அடித்துக்கொண்டார். விமானத்துக்கு வழி சொல்வதுதான் அவருடைய வேலை. இப்போது தலைமையகம் புதிதாக ஒரு வகுப்பை அவர் தலையில் கட்டியிருந்தது. விமானக் குழுவுக்குச் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆபத்தைப் பார்த்தவர் கடைசிப் பதவியில் இருந்தாலும் வாய் திறந்து சொல்ல வேண்டும், கேப்டன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பாடம் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தளபதி 'தொடரலாம்' என்று கையெழுத்துப் போட்டால் வகுப்பு தொடர்ந்து நடக்கும். போடாவிட்டால் வகுப்பறை மறுபடியும் பழைய டயர் அடுக்கும் அறையாகிவிடும்.

அவருக்கு இது வெறும் உத்தியோகம் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், சக்கரத்தை இறக்க மறந்து தரைக்கு வந்த விமானத்தில் அவரும் இருந்தார். கேப்டன் மறந்ததைப் பார்க்கவும் பார்த்தார். "சார், சக்கரத்தைப் பத்தி ஏதாவது யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பணிவில், சரக்குப் பகுதியில் இருந்த நண்பனின் கால் நொறுங்கியது. நண்பன் இன்று தளபதி அறைக்கு எதிரே கோப்பு பார்க்கிறான், காலை இழுத்து இழுத்து நடக்கிறான், ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. அதுதான் நேவிகேட்டரைத் தின்றது.

புதன்கிழமை சிமுலேட்டரில் ஒத்திகை. தரையை விட்டு எழும்பாத அந்தப் பொய் விமானத்தில் தளபதியே கேப்டனாக உட்கார்ந்தார். பக்கத்தில் துணை விமானி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே பதிலைச் சொல்லி வருவதால் அவருக்குப் பெயரே 'சரி சார்'. பின்னால் இன்ஜினியர். அவருக்கும் பின்னால், குறிப்பேட்டோடு நேவிகேட்டர்.

தளபதிக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். கிட்டத்தில்தான் தகராறு. கடிதத்தைக் கை நீட்டித்தான் படிப்பார், சமீபகாலமாகக் கையின் நீளம் போதவில்லை. எழுத்தர் அவருக்கு வருவதையெல்லாம் கொட்டை எழுத்தில் மறுபடி தட்டச்சு செய்துவிடுவார். தளம் முழுவதும் தெரிந்த இந்த ரகசியத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை.

திரையில் மேகம் சூழ்ந்தது. உயரம் மூவாயிரம் அடி என்று எண்கள் காட்டின.

"எட்டாயிரம். தாராளம்," என்றார் தளபதி.

"சரி சார்," என்ற துணை விமானிக்கு வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. "இந்தப் பக்கம் மலையெல்லாம் ரொம்ப அழகா இருக்கும்னு சொல்வாங்க சார்."

"அப்படியா?"

"கிட்டத்துல பாத்தா இன்னும் அழகு சார்," என்றார் இன்ஜினியர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"ஒரு நாள் குடும்பத்தோட போய்ப் பாக்கணும்."

"இன்னைக்கே பாத்துடலாம் போல இருக்கு சார்," என்றார் துணை விமானி.

பார்த்தார்கள். திரை சிவந்து, மணி அலறி, நால்வரும் கணக்குப்படி செத்துப்போனார்கள்.

"இந்த மெஷின் சரியில்லை," என்றார் தளபதி.

"ஆமா சார், பழைய மெஷின்," என்றது ஒரு குரல். அது தன்னுடைய குரல் என்று தெரிந்தபோது நேவிகேட்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "கண்ணாடி போடுங்கன்னு அவர்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"அவர் தளபதிம்மா."

"நான் காரை ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி சுவர் வந்தா என்ன சொல்வீங்க?"

"நிறுத்துன்னு கத்துவேன்."

"என்கிட்ட பயம் இல்லையா?"

"பயந்தான். ஆனா வண்டி நம்மளுது."

"அப்ப விமானம் மட்டும் யாருதாம்?"

நேவிகேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் பாதிக் காரணம்தான்.

வெள்ளிக்கிழமை எழுத்தர் விடுப்பு. தலைமையகத்துப் படிவம் பொடி எழுத்திலேயே தளபதியின் மேஜைக்குப் போய்விட்டது. அதில் 'நிறுத்தலாம்' மேல் வரி, 'தொடரலாம்' கீழ் வரி.

"தாராளமா நடத்துங்க," என்றார் தளபதி, எதிரே நின்ற நேவிகேட்டரிடம், பேனாவைத் திறந்து. "பசங்க நல்லாத்தான் பேசறாங்க. மலையோட அழகைப் பத்தியெல்லாம் சொன்னாங்களே!"

பேனா மேல் வரிக்குப் போயிற்று.

"சார்... பேனா நல்லா எழுதுதா?"

"அருமையா எழுதுது."

முனை தாளைத் தொட்டது. வெளியே தாழ்வாரத்தில் நண்பனின் நடை கேட்டது. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து.

"நிறுத்துங்க சார்! தப்பான வரி! கையை எடுங்க!"

தளபதி துள்ளிய துள்ளலில் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. நேவிகேட்டரின் வாய் நிற்கவில்லை. "அது நிறுத்தலாம்ங்கற வரி சார். புதன்கிழமை நீங்க எட்டாயிரம்னு படிச்சது மூவாயிரம். மெஷின் சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் கண்ணாடி வேணும்."

தளபதி சட்டைப்பையிலிருந்து ஒரு கூட்டை எடுத்து, கடைச் சீட்டுகூடக் கிழிக்காத கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு இவ்வளவு நரையா?"

"ஆமா சார்."

"டாக்டர் எட்டு மாசம் முன்னாடியே குடுத்தது. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையா, நல்லாத்தான் பாக்கறோம்னு இருந்துட்டேன்." படிவத்தைக் கிட்டே வைத்துப் படித்தார். "எத்தனை பேருக்குத் தெரியும்?"

"தளம் முழுக்கத் தெரியும் சார்."

தளபதி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது.

"இந்த எட்டு மாசமும் உங்க எல்லாரையும் உக்கார வெச்சு நிஜ விமானம்தானே ஓட்டினேன்?"

"ஆமா சார்," என்றார் நேவிகேட்டர். "நாங்களும் ஏறி உக்காந்தோம்."

தளபதி கீழ் வரியில் கையெழுத்துப் போட்டார்.