ஹக்கீம் பாய் கேட்ட விபத்து

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் ஆர்டர் கொடுக்கப்பட்டது. இலக்கியக் கூட்டத்தில் யாராவது கேட்டால் "பனி வெகுநாளாக எனக்குள் பெய்துகொண்டிருந்தது" என்றுதான் சொல்வேன். நம்பாதீர்கள்.

எங்களுக்கு அடுத்த தெரு அப்துல் ஹக்கீம் பாய், பேகம்பூரிலிருந்து தோல் ஏற்றிய லாரியை முப்பத்தோரு வருடம் ஓட்டி ஓய்ந்தவர். நவம்பரில் ஒரு காலை வந்து உட்கார்ந்தார்.

"பெலிக்ஸ் சார், நீங்க கதை எழுதுவீகளாம்ல. எனக்கு ஒரு ஆக்ஸிடென்ட் வேணும்."

"யாருக்கு பாய்?"

"எம்மக ஹாஃபிஸாவுக்கு."

ஹாஃபிஸா கனடாவில், கால்கரி நகரத்தில், ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். கோடையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறாள். இரண்டே இருக்கை. இன்ஜின் பலம் முழுக்கப் பின் சக்கரங்களுக்கு. இப்போது அங்கே பனி கொட்டுகிறது. அவள் அதையேதான் ஓட்டுகிறாள்.

"பின் வீல் தள்ளுற வண்டி சார். வழுக்குற ரோட்டுல வாலை ஆட்டிரும். வித்துருன்னு சொன்னா, அத்தாவுக்குப் பயம்ங்குறா. கதையில வந்தா படிச்சவுக சொன்னதுன்னு கேப்பா. உசுருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. மேலுக்கு ஒரு கீறல் கூடாது. ஆனா பயந்துரணும்."

இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். வீடு தேடி வந்து ஒருவர் கதை கேட்டது அதுவே முதல் முறை. ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்:

வெண்மையின் பேரமைதியில், தன் இருப்பின் விளிம்பில் வழுக்கியபடி அவள்—

(விட்டுவிட்டேன். "விளிம்பு" வந்தால் எனக்குக் கதை தெரியவில்லை என்று பொருள்.)

இரண்டாம் தொடக்கம்:

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் மார்கழிக் காலையில் இறங்கும் மூடுபனி போல, கால்கரியில்—

(மூடுபனியில் யாரும் சறுக்கி விழுவதில்லை.)

நான் பனிப்பொழிவைப் பார்த்ததே இல்லை.* எனவே ஃபிரிட்ஜ் மேல்தட்டில் படிந்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி, எவர்சில்வர் தட்டில் பரப்பி, முப்பது ரூபாய்ப் பொம்மைக் கார் ஒன்றை உருட்டிப் பார்த்தேன். அது எந்தச் சக்கரமும் தள்ளாத கார். என் மனைவி ஜோஸ்பின் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மீன் வைக்கிற தட்டு அது. கழுவி வையிங்க" என்றாள்.

(* பார்க்காமலே "பனியும் நவீன மனிதனின் வெறுமையும்" என்று காந்திகிராமம் பக்கம் ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் பதினோரு பேர், மைக்செட்காரரைச் சேர்த்து.)

3

ஒருவழியாக ஒரு விபத்து தயாரானது. இறக்கத்தில் கார் வழுக்குகிறது, அவள் பதறிப் பிரேக்கை மிதிக்கிறாள், கார் சுழன்று கம்பத்தில் மோதுகிறது. பாய்க்குப் படித்துக் காட்டினேன். பிரேக் வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மிதிக்க மாட்டா."

"பதட்டத்துல, பாய்..."

"எம்மக மிதிக்க மாட்டா. ஆத்தூர் டேம் ரோட்டுல மழை பேஞ்ச மறுநாள் ஓட்டிப் பழகுனவ. வண்டி எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்க ஒடிச்சு, ஆக்ஸிலேட்டர லேசா விடுவா."

"அப்படிச் செஞ்சா வண்டி நேராயிருமே?"

"ஆயிரும்."

"அப்புறம் விபத்து எப்படி வரும்?"

"அதுக்குத்தான உங்ககிட்ட வந்தேன்."

எதிரே வந்த வேனின் மேல் தப்பைப் போட்டேன். "அப்ப எதுக்கு அவ வண்டிய விக்கணும்? வேன்காரன்ல விக்கணும்" என்றார். டயர் தேய்ந்துவிட்டது என்று எழுதினேன். "டயரப் பாக்காம வண்டி எடுப்பாளா?" என்று கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மகள் பயப்படும்படி விபத்து நடக்கவேண்டும். ஆனால் அவள் நல்ல டிரைவராகவும் இருக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் என் கதை மூன்று வாரம் நின்றது.

4

கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஹாஃபிஸாவை நான் மொத்தமாக நான்கு முறை பார்த்திருப்பேன். நம்பர் வாங்கி அழைத்தேன். காரணம் சொல்வதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

"ஆக்ஸிடென்ட் ரெடியா சார்?"

அம்மா சொல்லி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"வின்டர் டயர் நாலும் போட்டுருக்கேன். பின்னாடி வெயிட்டுக்கு ரெண்டு மணல் மூட்டை கெடக்கு. வெறும் லாரில உப்பு மூட்டை ஏத்திக்கிட்டு வருவாகல்ல அத்தா, அதப் பாத்ததுதான். நானும் அம்புட்டு லூசு இல்ல சார்."

"வேற வண்டி வாங்கிக்கலாமே?"

"படிச்ச காலேஜ் மாமா சொன்னது. மாப்பிள்ளை எல்லாரும் சேந்து சொன்னது, அது ஒன்றரை வருசத்துல முடிஞ்சு போச்சு. கனடா ஏஜென்ட் சொன்னது. இந்த வண்டி ஒண்ணுதான் சார் நானாச் சொன்னது. வெயில்ல மட்டும் ஓட்டிட்டு, பனி வந்ததும் வித்துட்டா, அதுவும் யாரோ சொன்னதாயிரும்."

(இந்த இடத்தில் சுதந்திரம் பற்றி எட்டு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவளே சொல்லிவிட்டாள்.)

5

அங்கே அவள் காலையில் வேலைக்குப் போய்ச் சேரும் நேரம் நமக்கு இரவு எட்டு. சேர்ந்ததும் தினமும் போன் செய்வாள். பாய் இஷா தொழுதுவிட்டு வீட்டுப் படி ஏறும்போது சரியாக மணி அடிக்கும்.

டிசம்பரில் ஒரு நாள் அடிக்கவில்லை.

எட்டே முக்காலுக்கு, போனைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். "கமர்ஜஹான்கிட்ட, நெட்டு இல்லன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்" என்றார். கமர்ஜஹான் அவர் மனைவி. ஜோஸ்பின் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சார், அந்த ஆக்ஸிடென்ட் பக்கத்தக் கிழிச்சிருங்க."

"கம்ப்யூட்டர்ல இருக்கு பாய்."

"அப்ப அழிங்க."

எழுத்துக்கும் வாழ்க்கைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்று மேடையில் பேசுகிறவன் நான். ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். மூன்று விபத்துகளையும் அழித்தேன்.

"எங்க போச்சு?"

"குப்பைத்தொட்டிக்கு."

"அதுலருந்தும் எடுங்க."

எடுத்தேன். மோதுவதற்கென்று நான் எழுதிய கம்பம்கூட எங்கும் இல்லாமல் போயிற்று. இருவரும் காலித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது இருபதுக்குப் போன் அடித்தது. அவர் எடுக்கையில் விரல் தவறி ஸ்பீக்கர் போட்டுவிட்டார்.

"அத்தா, குளிர்ல போன் செத்துப்போச்சு. லேபுல வந்து சார்ஜ் போட்டேன்."

"வண்டி?"

"ரோடெல்லாம் கிளீன் அத்தா. நேரா வந்துட்டேன்."

"சரிம்மா. சாப்டியா?"

வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

6

மறுநாள் ஹாஃபிஸா என்னை அழைத்தாள்.

"சார், நேத்து சறுக்கிட்டேன். எறக்கத்துல ஒரு வளைவு, ரோட்டுல கண்ணாடி மாதிரி ஐஸு. அத்தா சொன்னபடிதான் ஒடிச்சேன். ஆனாலும் பின்பக்கம் சுத்தி, வந்த பாதையப் பாத்து நின்னுருச்சு. பாதி வண்டி பனிக்குள்ள. ரோட்டுல பனி தள்ளுற லாரிக்காரர்தான் சங்கிலி போட்டு இழுத்துவிட்டாரு. எனக்கு ஒண்ணும் இல்ல. செத்த நேரம் ஸ்டியரிங்கப் பிடிச்சு உக்காந்துருந்தேன், அம்புட்டுதான். அத்தாகிட்ட சொல்லிராதீங்க. வித்துருன்னுருவாக."

சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து மசூதிக்கு எதிர்ப்புற டீக்கடையில் பாயைப் பார்த்தேன். அவராகத்தான் சொன்னார்.

"சறுக்கிருக்கா சார்."

டீ எனக்குப் புரை ஏறியது. "யார் சொன்னா?"

"அவதான். நேரா வந்துட்டேன்னாள்ல. நேரா வந்தவன் எவன் சார் நேரா வந்தேன்னு சொல்லுவான்? நானே கமர்ஜஹான்கிட்ட எத்தன தடவ சொல்லிருக்கேன். குஜிலியம்பாறை பாலத்துல தோலு லோடோட சாஞ்சு கெடந்த அன்னிக்கும் நேரா வந்துட்டேன்னுதான் சொன்னேன்."

"கேட்டுர வேண்டியதுதானே பாய்?"

"கேட்டா அவ சொல்லிருவா. சொல்லிட்டா, வித்துருன்னு நான் சொல்லணும். அத்தாவாயிட்டு வேற என்ன சொல்ல முடியும்? அவளும் வித்துருவா. அதுக்கப்புறம் அவ எதுல போனாலும் அது நான் சொன்ன வண்டி." டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாத வரைக்கும் அவ ஓட்டிக்கிடலாம். நீங்க கதைய முடிச்சிருங்க சார். ஆக்ஸிடென்ட் வேணாம்."

7

முடித்தேன். அப்பாவுக்கும் மகளுக்கும் வாட்ஸப்பில் அனுப்பிய பிரதியில் நான்காம், ஆறாம் பகுதிகள் இல்லை. ஹாஃபிஸா வண்டியை நிறுத்துகிறாள், கையுறையைக் கழற்றுகிறாள், வேலைக்குள் நுழைகிறாள். அவ்வளவுதான். என் வாழ்நாளில் இவ்வளவு சுவாரசியமற்ற முடிவை எழுதியதில்லை. பாய் போன் செய்து, "ஹேண்ட் பிரேக் போட்டாளான்னு ஒரு வரி சேருங்க" என்றார். சேர்த்தேன்.

நீங்கள் படிப்பது மற்ற பிரதி. பெயர்களையும் தெருவையும் காரின் நிறத்தையும் மாற்றியிருக்கிறேன். இதை வெளியிடும் இந்தச் சிற்றிதழ் பாய் கண்ணில் படாது. இது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதே என் தைரியம். ஆனாலும் ஊர் சின்னது. ஒருநாள் டீக்கடையில் உங்கள் கையில் இந்த இதழைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்கலாம்: "அதுல பனி ரோட்டுக் கதை ஒண்ணு வந்துருக்காமே. அந்தப் புள்ள வண்டி என்ன ஆச்சு?"

அவருக்கு நீங்கள்தான் முடிவு சொல்லவேண்டும். நீங்கள் சொல்வதைப் பொறுத்து, ஓர் இரவு எட்டு மணிப் போனுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு கார் விற்கப்படலாம், விற்கப்படாமலும் போகலாம். என்ன சொல்வீர்களோ, நான் எழுதித் தரப்போவதில்லை.

"நேராப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.