இரட்டைக் கோடு

…முதலில் சிரிக்க வைக்க வேண்டும், அப்புறம் புள்ளிவிவரத்தால் மிரட்ட வேண்டும், கடைசியில் அழ வைத்துவிட்டால் ஆயிற்று, கூட்டம் நம் பக்கம்… இதைத்தானே வருஷக்கணக்காகத் தொலைக்காட்சியில் செய்துகொண்டிருக்கிறேன், வெள்ளம் வந்தாலும் விவாகரத்து வந்தாலும் 'அடுத்து நடந்த அதிர்ச்சி!' என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிற அந்தக் குரல் என்னுடையது, அந்தக் குரலையே கூப்பிட்டு 'செய்தி கேளிக்கையாகிவிட்டது' என்று பேசச் சொல்லியிருக்கிறார் நூலகர், திருடனை அழைத்துப் பூட்டைப் பற்றிப் பேசச் சொன்ன மாதிரி, நானும் வெட்கமில்லாமல் தேய்த்த சட்டையோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். சட்டையைத் தேய்த்தது அக்கா. "டிவி போடற சோத்தத் தின்னுட்டு அதையே திட்டப் போறியாடா?" "நன்றியோட திட்டுவேன்க்கா." "அப்ப நானும் வர்றேன். நீ கத்தாம பேசி நான் கேட்டதே இல்ல." வந்துவிட்டாள், மூன்றாம் வரிசை ஓரம், மடியில் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், எங்கே போனாலும் பாட்டில்தான்… அப்பா போனதிலிருந்து.

நான் எழுதிவைத்திருக்கும் பேச்சில் அப்பா நான்காம் பக்கக் கடைசியில் இருக்கிறார். எங்கள் தொழிலில் தாளில் ஒற்றைக் கோடு போட்டால் மூச்சு, இரட்டைக் கோடு போட்டால் நிறுத்தம், வட்டம் போட்டால் அங்கே குரல் உடைய வேண்டும். 'எங்கள் அப்பா, இரட்டைக் கோடு, கையில் காலி டம்ளரோடு கிடந்தார், இரட்டைக் கோடு, கூடத்தில் டிவி அலறியது, அவர் தண்ணீருக்குக் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.' கேட்கவில்லை என்பதைச் சுற்றி வட்டம். நேற்று கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது, கலங்கியதும் 'பலே' என்றேனே, என்ன ஜென்மம் நான்? யாருக்கும் என்றால் யார்? அன்று வீட்டில் இருந்தது அக்கா ஒருத்திதான், நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ ஒரு நடிகையின் கல்யாணத்துக்குக் கத்திக்கொண்டிருந்தேன்… வீட்டு டிவியில் அலறியதும் முன்பே பதிவான என் கத்தல்தானோ, தம்பி குரல் வருகிறதே என்று சத்தத்தைக் கூட்டியிருப்பாளோ? அவள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை, கேட்காததை இப்போது ஒலிபெருக்கியில் சொல்லப் போகிறேன். நல்ல காரியத்துக்குத்தானே, என்கிறது புத்தி. எங்கள் தயாரிப்பாளரும் ஒவ்வொரு அழுகைக்கும் இதையேதான் சொல்வார்.

பேச ஆரம்பித்துவிட்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார்கள், புள்ளிவிவரத்துக்கு உச்சுக்கொட்டுகிறார்கள், முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கைபேசியை ஏதோ களவுப்பொருள் போலச் சட்டைப்பைக்குள் தள்ளுகிறார், ஆகா, நன்றாகப் போகிறது… 'எங்கள் அப்பா' என்கிறேன். அக்கா நிமிர்கிறாள். அப்பா என்ற சொல்லுக்கு எப்போதும் நிமிர்கிற நிமிர்வு, தம்பி ஏதோ நல்லது சொல்லப் போகிறான் என்று முகமெல்லாம் மலர்ந்து… அடுத்த வரி கண்ணெதிரே கிடக்கிறது, நாக்கு எழவில்லை, தாளைத் திருப்புகிறேன், திருப்பியதையே மறுபடி திருப்புகிறேன். யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். அட, நான் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லையே! அதற்குள் அக்கா எழுந்து, வரிசையிலிருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு மேடைக்கு வந்தே விட்டாள், பாட்டிலைத் திறந்து நீட்டுகிறாள். "தொண்ட காஞ்சிருச்சாடா? குடி மொதல்ல." மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டுவிட, கைதட்டல், நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். நான் எழுதிவைத்த எதற்கும் இவ்வளவு கைதட்டல் விழவில்லை. குடிக்கிறேன். "மெதுவா… மெதுவா குடி" என்கிறாள், படுத்திருப்பவருக்குப் புகட்டுகிற மாதிரி பாட்டிலின் அடியைத் தாங்கிப் பிடிக்கிறாள், எனக்கா சொல்கிறாள், இல்லை, வேறு யாருக்காவதா… அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், இந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது அது ஒன்றுதான், ஆனால் இந்தப் பாழாய்ப்போன மண்டை, தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே, இந்த நிறுத்தம் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அளந்துகொண்டிருக்கிறது.