அத்தானின் கடைவாய்ப் பல்

பல் டாக்டர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வந்தவர் வாயைத் திறந்ததும் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வாய்க்குள் கண்ணாடியும் குழாயும் இருக்கும்போது எதிர்த்தா பேச முடியும்? நம் டாக்டரம்மாவும் அப்படித்தான். கெட்டிக்காரி, கைராசிக்காரி. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். அந்தக் குணத்தால் சொந்த அக்காவின் குடும்பத்தையே குலைத்துவிட்டாள் பாவி.

அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். எட்டு வருஷத்துக்கு முன்பு அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் போனபோது, தாடை எலும்பில் திருகு இறக்கி மேலே பல் மாதிரி கேப் ஒட்டியவள் இவள்தான். அவள் வைத்த முதல் இம்பிளான்ட் அது. பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம் அத்தானை வாயைத் திறக்கச் சொல்லிக் காட்டினாள். அவரும் சந்தைக்கு வந்த மாடு மாதிரி, முகம் கோணாமல் காட்டினார்.

ஐந்து வருஷம் கழித்து அந்த இடத்தில் ஈறு வீங்கியது. தொட்டால் ரத்தம். எக்ஸ்ரேயில் பார்த்தால் திருகைச் சுற்றி எலும்பு கிண்ணம் போலக் கரைந்திருந்தது. டாக்டரம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, சிகரெட்தான் என்றாள். அதை விட்டு நாலு வருஷம் ஆகிறது என்றார் அத்தான். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றாள். அதோடு வாயை மூடியிருக்கலாமே! அக்காவுக்குப் போன் போட்டாள்.

"உன் வீட்டுக்காரர் உனக்குத் தெரியாம ஊதுறாரு. மனுஷன் பொய் சொல்வான், எலும்பு சொல்லாதுக்கா."

அக்கா நம்பினாள். தங்கை டாக்டர், நம்பாமல் என்ன செய்வாள்? உன் தலைமேல் சத்தியம் என்று அத்தான் சொல்லியும் மசியவில்லை. முப்பது வருஷமாகச் சண்டையும் சிரிப்புமாக இருந்த வீட்டில் பேச்சு நின்றது. அத்தான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை பல் தேய்க்க ஆரம்பித்தார். மறுவருஷம் அக்கா படுக்கையில் விழுந்தாள். நாலே மாசத்தில் போய்விட்டாள்.

அந்தத் துக்கத்தில் பல்லை யார் நினைப்பது? சீழ் வைத்து, கன்னம் வீங்கிய பிறகுதான் அத்தான் திரும்ப வந்தார். ஈறைத் திறந்து சுத்தம் செய்து, எலும்புத் தூள் நிரப்பி, எலும்பை வளர வைத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருகைக் கழற்ற வேண்டியதுதான் என்றாள். இப்போதாவது சிகரெட்டை விட்டாரா என்றும் கேட்டாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மரத்துப்போக ஊசி போட்டு ஈறைக் கீறி விலக்கினாள். கெட்ட சதையைச் சுரண்டி எடுத்தாள். கேப்பின் விளிம்புக்குக் கீழே, திருகை ஒட்டி, வெளிர் மஞ்சளாக ஏதோ இருந்தது. கருவி பட்டதும் ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. பற்காரை அப்படி வராது.

அது கேப்பை ஒட்டிய சிமென்ட். எட்டு வருஷமாக உள்ளேயே கிடந்து எலும்பை அரித்திருக்கிறது. பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று அன்று கேப்பை ஈறுக்குள் ஆழமாக இறக்கியவள் அவள். பிதுங்கி வழிந்த சிமென்ட் எதுவும் தங்கியிருக்கிறதா என்று நூல் விட்டு இழுத்துப் பார்ப்பது முறை. ஊருக்குக் காட்டும் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் திருகு அதை மறைத்துவிட்டது. சிகரெட் என்று முடிவு கட்டிவிட்டவள் அதைத் தேடவும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

என்ன மேடம் அது என்று நர்ஸ் கேட்டாள். காரைதான் என்றாள் டாக்டரம்மா. பத்து வருஷம் கூடவே நின்றவளுக்குக் காரை எது, சிமென்ட் எது என்று தெரியாதா? இருந்தும் அதைத் தட்டில் வாங்கிக்கொண்டாள்.

திருகின் மரைகளைத் தேய்த்துக் கழுவி, எலும்புத் தூளைக் குழைத்துப் பள்ளத்தில் நிரப்பி, மேலே மெல்லிய சவ்வை மூடித் தைத்தாள். கை தன் வேலையைச் செய்தது. மனசுதான் கணக்குப் போட்டது. முதலில் எலும்பு வளரட்டும், நல்ல சேதியோடு சேர்த்துச் சொன்னால் அவ்வளவாக வலிக்காது. பயந்தாங்கொள்ளிக் கணக்கு, வேறென்ன?

ஆறு மாசம் ஓடியது. ஒவ்வொரு தடவையும் அத்தான் ஒழுங்காக வந்து போனார். அவள் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. வெட்கம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. உடம்பு சரியில்லையா என்று அவர்தான் விசாரித்தார்.

ஆறாம் மாச எக்ஸ்ரேயில் கிண்ணம் பெரும்பாலும் நிரம்பியிருந்தது. மூன்று மரை உயரத்துக்குப் புது எலும்பு. அத்தான் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். சுத்தமாக இருக்கிறேன் என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறாயா என்றார். அவள் நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சிகரெட் இல்ல அத்தான். கேப் ஒட்டின சிமென்ட்ட நான்தான் உள்ளயே விட்டுட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

எப்போது தெரியும் என்று கேட்டார். ஈறைத் திறந்த அன்றே என்றாள். அவர் தலையை ஆட்டினார். கழுத்தில் கட்டிய காகிதத் துண்டை அவிழ்க்கக்கூட மறந்து எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

"திட்டுங்க அத்தான்."

"கடைசி நாள்ல உங்க அக்காவால பேச முடியல," என்றார். "கிட்ட வான்னு கையக் காட்டினா. ஒரு வருஷம் கழிச்சு என்னைக் கூப்பிடுறாளேன்னு ஓடிப்போய்க் குனிஞ்சேன். என் வாய மோந்து பாத்தாம்மா."

அப்புறம் என்றாள் டாக்டரம்மா.

"காலையில ஸ்கூல்ல வேலைக்கு வந்த பையன் ஒருத்தன் பக்கத்துல நின்னு ஊதிட்டிருந்தான். அந்தப் புகை சட்டையில இருந்திருக்கும். முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா."