பதினோரு பூச்சுக்குக் கீழே

“மெதுவா உடை தம்பி. அது யாரோட கன்னமோ.”

“முட்டைக்கு ஏதுக்கா கன்னம்? மூக்குகூட இல்ல.”

“உனக்கு வாய் இருக்குறது போதும். மேல மட்டும் தட்டு. சுத்தி விரிசல் விடாத.”

தொவாய் கரண்டிக் காம்பால் முட்டையின் தலையில் ஒரே தட்டாகத் தட்டி, தொப்பியைக் கழற்றுவதுபோல மேலோட்டை எடுத்து என்னிடம் காட்டினான். பைக்கில் ஆள் ஏற்றிக்கொண்டு ஹனோய் முழுக்கப் பறப்பவன், என் முக்காலியில் உட்கார்ந்தால் மட்டும் நகை ஆசாரி ஆகிவிடுவான். ஆகத்தான் வேண்டும். என் கடையில் உள்ளே குஞ்சு பிடித்த வாத்து முட்டையை அவித்துத் தின்ன வருகிற எவருக்கும் இஞ்சியும் உப்பும் கீரையும் கேட்காமலே வரும். ஓட்டை நொறுக்கினால் திட்டும் கேட்காமலே வரும்.

“என் கை வெளிய வந்திருச்சாமே. பாத்தியா?”

“நேத்து பாத்தேன். நகம் போன கட்டைவிரலோட அப்படியே இருக்கு.”

அவன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அந்த நகம் போனபோது மூன்று நாள் அழுதவன், இப்போது அதைச் சட்டையில் துடைத்தான். “நீ வந்துட்டியா?” என்றான்.

“நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்.”

எங்கள் சந்தின் கடைசி வீட்டு மாடியில் உயென் அரக்கு ஓவியம் வரைகிறாள். மரத்திலிருந்து வடிகிற பால்தான் அரக்கு. அதில் எந்த வெள்ளைப் பொடியைக் கலந்தாலும் பழுப்பாகிவிடும். வெள்ளை வேண்டுமென்றால் முட்டை ஓட்டைத்தான் பலகையில் ஒட்ட வேண்டும். கோழி முட்டையைவிட வாத்து முட்டை ஓடு கெட்டி. அதனால் நான்கு வருடமாக அவளுடைய வெள்ளையெல்லாம் என் கடையிலிருந்துதான் போகிறது. அவள் வரைந்த நிலவுகளுக்கும் ஏரியில் விழுந்த வெளிச்சத்துக்கும் உள்தோலை உரித்து, கழுவிக் கொடுத்தவள் நான். சந்துக்குள் இதை நான் சொல்லாத ஆள் இல்லை.

போன வருடம் இதே ஈரப் பருவத்தில் ஒரு தவறு செய்தேன். சுவரெல்லாம் வியர்த்து, தரை வழுக்கி, துவைத்த துணி வாரக்கணக்கில் காயாத நாட்கள். கழுவிய ஓடும் காயவில்லை. வெறும் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரி தன் ஸ்கூட்டரை என் கடைக்குக் குறுக்கே நிறுத்த, அவளோடு சண்டைக்குப் போய்விட்டேன். சண்டையில் நான்தான் ஜெயித்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஓடு கருகியிருந்தது. அடியில் கிடந்தவை கரி, நடுவில் தேநீர் நிறம், மேலே தந்தம். குப்பையில் கொட்ட மனமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு அவளிடமே கொண்டுபோனேன்.

உயென் தரையில் குப்புறப் படுத்து, அவற்றை நிறம் நிறமாகப் பிரித்தாள். மதியம் வரை அதே வேலை. பிறகு ஒரு துண்டை எடுத்து என் முன்கையில் வைத்தாள். எங்கே ஓடு முடிகிறது, எங்கே கை தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

“அக்கா, இது தோல்,” என்றாள்.

அதோடு நிலவையும் ஏரியையும் விட்டாள். தினமும் காலையில் வந்து என் கடை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு முட்டை உடைக்கிற கைகளை வரைவாள். நான் ஒருநாள் தலை சீவிக்கொண்டு நல்ல சட்டையில் நின்றேன். “இதெல்லாம் எதுக்குக்கா? நீ சும்மா யாரையாவது திட்டிக்கிட்டிரு,” என்றாள். அதன் பிறகு ஆள் உயரப் பலகை ஒன்று வந்தது. அதில் என் கடை, எங்கள் சந்து, எல்லோருடைய கைகளும். நடுவில் நான், கருகிய ஓட்டால். சாமணத்தால் அரிசி அளவுத் துண்டுகளை எடுத்து வைத்து, என் முகத்துக்கு மட்டும் எட்டு நாள் எடுத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அதன் மேலேயே கறுப்பு அரக்கைப் பூசினாள்.

“மூஞ்சிய ஒட்டிட்டு அது மேல தார் ஊத்துறியே, உனக்கு நல்லாருக்கா?” என்று கேட்டேன்.

“உள்ள பத்திரமா இருக்குக்கா. தேய்ச்சு எடுக்கணும்.”

பதினோரு பூச்சு. அரக்கு விசித்திரமானது. வெயிலில் காயாது, ஈரத்தில்தான் காயும். ஊரே இந்தப் பருவத்தைச் சபித்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அரக்கு ஆளைப் பார்த்துக் கடிக்கும் என்று எங்களிடம் ஒரு பேச்சு உண்டு. நான்கு வருடம் ஆகியும் அவளை அது விடவில்லை, கழுத்தெல்லாம் தடிப்பு. சொறிந்துகொண்டே பூசினாள்.

தொவாய் வந்துபோன அன்று உயென் சாப்பிட வரவில்லை. அவளுடைய முட்டை மதியம் வரை சட்டியிலேயே கிடந்ததால், நானே எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மறுநாள் காலை வண்டி வந்து பலகையைக் கண்காட்சிக்கு ஏற்றிப்போகும். நான்கு வருடத்தில் இப்போதுதான் முதல்முறை அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பலகை இரண்டு மேசைகள் மேல் படுத்திருந்தது. ஈர உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எங்கள் சந்து முழுவதையும் கறுப்பிலிருந்து வெளியே எடுத்திருந்தாள். முக்காலிகள், ஆவி, மஞ்சள் சுவர், தொவாயின் கட்டைவிரல், எதிர்வீட்டுக்காரியின் ஸ்கூட்டர்கூட. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நடுவில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவுக் கறுப்பு அப்படியே இருந்தது.

“அங்க கை போக மாட்டேங்குதுக்கா,” என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கருகிய ஓட்டில் முதலில் செய்த சின்னப் பலகையில் அவளுடைய அப்பாவின் முகத்தை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தவள் அவள். ஓடும் கரைந்து, பலகையில் ஒட்டிய அடித்துணியின் நூல் தெரிந்தபோதுதான் நிறுத்தினாள். அந்தப் பலகை இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

“இப்படியே அனுப்பிடேன்,” என்றேன். “என் மூஞ்சி யாருக்கு வேணும்?”

“எனக்கு வேணும். அதுக்குத்தானே மத்ததெல்லாம்.”

முட்டையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கறுப்பின் மேல் சும்மா விரலை வைத்தேன். வழுவழுவென்று குளிர்ந்திருந்தது. கொதிக்கிற தண்ணீரிலிருந்து முட்டையை வெறும் விரலால் எடுத்து, உள்ளே குஞ்சு எத்தனை நாள் என்று சொல்லிவிடுகிறவள் நான். இடதுபுறம் லேசாக ஒரு மேடு. அடுத்து ஒரு விளிம்பு. அந்த ஓட்டுத் துண்டை எனக்குத் தெரியும். என் சட்டியின் அடியில் கிடந்தது.

“இங்க கருகுனது,” என்றேன் என்னையறியாமல். “அதுக்குப் பக்கத்துல வெள்ள.”

உயென் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்துத் தண்ணீரைக் கறுப்பின் மேல் மெல்லச் சாய்த்தாள். உப்புத்தாளை நனைத்து, நான்காக மடித்து, என் உள்ளங்கையில் வைத்தாள்.

“அக்கா, உன் மூஞ்சிய நீயே தேய்ச்சு எடுத்துத் தர்றியா?”