முட்டை போடாத கேக்

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு ஞானம்மாள் வீட்டு கேக்கின் வாசனை இன்னும் நினைவிருக்கும். பிற்பகலில் அவளுடைய அலுமினிய வட்ட ஓவன் சூடேறினால் மாடிப்படி முழுக்க வெண்ணெயும் எசன்ஸும் மணக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று பந்தயம் கட்டிக்கொண்டே படி ஏறுவார்கள்.

ஞானம்மாள் நசரத்பேட்டைக்காரி. கணவர் ராணுவ டாங்க் தொழிற்சாலையில் ஃபிட்டர். கேக் அவளுக்குப் பஞ்சு மாதிரி வரும். அதன்மேல் எழுதத்தான் வராது. எதிர்வீட்டுப் பார்வதம் ஒருநாள் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, ஞானம்மாள் எழுதிய பெயரைக் கரண்டியால் வழித்தெடுத்துக் கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ணாலும் கோணிக்கினு போவுது பார்வதம். கொயந்த பேரு கொடி மாதிரி கீது."

"குடுங்கக்கா, நான் பாக்கறேன்."

பார்வதம் மாயவரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வாசலில் அவள் போடும் கம்பிக் கோலத்தை மிதிக்க மனமில்லாமல் தபால்காரர் சுற்றிக்கொண்டு போவார். கழுவிக் காயவைத்த பால் கவரின் மூலையைக் கத்தரித்து, சர்க்கரைப் பொடியும் வெண்ணெயும் குழைத்து நிரப்பி வைத்திருந்தாள் ஞானம்மாள். பார்வதம் அதை வாங்கி ஒரே பிடியில் பெயரை எழுதினாள். பிறகு கை நிற்கவில்லை. ஓரம் சுற்றிலும் ஒரு கொடி, கொடியில் மொட்டு, பீட்ரூட் சாறு கலந்த சிவப்பில் பூ.

"அடிப்பாவி! இத்தினி நாளா எங்கடி இருந்தே நீ?" என்றாள் ஞானம்மாள்.

அன்றிலிருந்து அவள் சுடுவாள், இவள் அலங்கரிப்பாள். கேட்பவர்கள் மைதாவும் சர்க்கரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்றபடி யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. கீழ்வீட்டு அங்கம்மா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு அடுக்கு கேக். ஓய்வு பெற்ற மேஸ்திரிக்கு, பீரங்கியோடு ஒரு டாங்க் வரைந்த கேக். டாங்க்கை வெட்ட மனசு வராமல் அந்த மனிதர் கத்தியோடு நின்றது குவார்ட்டர்ஸில் வெகுநாள் பேச்சு.

ஆனால் பார்வதம் ஒரு துண்டுகூடச் சாப்பிட்டதில்லை. சைவக் குடும்பம். முட்டை வீட்டு வாசல்படி ஏறாது. மேலே பூசும் வெண்ணெயில் முட்டை இல்லை என்பதால்தான் அதைத் தொட்டாள். கேக் வெட்டும்போது பின்னால் நின்று தட்டுகளை எடுத்துக் கொடுப்பாள். யாராவது அறியாமல் ஒரு துண்டை நீட்டினால், "எனக்குப் பார்த்தாலே போதும்" என்று சிரிப்பாள்.

அது உண்மையில்லை என்று ஞானம்மாளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் தெரிந்தது. அடுப்படியிலிருந்து கிண்ணத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பார்வதம் ஆறாத கேக்கின் மேல் குனிந்து, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஞானம்மாள் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டிவிட்டு வந்தாள்.

அதன்பிறகு பாரீஸ் கார்னர் போனபோது எசன்ஸ் கடைக்காரரிடம் கேட்டாள். முட்டைக்குப் பதில் டின்னில் வரும் கெட்டிப்பால் போடலாம் என்றார் அவர். முதலில் செய்தது கல்லாக இறுகியது.

"இத்த ஃபாக்டரிக்கு எடுத்துகினு போறேன், டாங்க்குக்கு அடியில முட்டுக் குடுக்கலாம்" என்றார் கணவர்.

"சும்மா கெட. ஒனக்கா பண்றேன்?"

அடுத்தது நடுவில் குழிந்தது. இன்னொன்று வேகும்போது கரண்ட் போனது. அதற்குள் பார்வதத்தின் கணவர் ரகுநாதனுக்கு ஆந்திராவில் இருக்கும் மேடக் தொழிற்சாலைக்கு மாற்றல் வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பார்வதம் வீடு முழுக்கச் சாக்குமூட்டைகள். அந்த நேரத்தில் ஞானம்மாள் வந்து கூப்பிட்டாள்.

"ஒரு கேக்கு கீது பார்வதம். எய்திக் குட்த்துட்டுப் போ."

"இன்னைக்கா? பாத்திரம்கூட இன்னும் கட்டலக்கா."

"கடைசியா ஒண்ணுடி. வா."

பார்வதம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மேசையில் சின்ன கேக் ஒன்று இருந்தது. வழக்கத்தைவிட வெளுப்பு. அவசரமாகச் செய்ய நினைத்து உட்கார்ந்தவளுக்கு, கவரைக் கையில் எடுத்ததும் அவசரம் போய்விட்டது. ஓரத்தில் கொடி ஓட்டினாள். நடுவில் இடம் விட்டாள்.

"யார் பேர் எழுதணும்?"

"பார்வதம்னு எய்து."

"விளையாடாதீங்கக்கா."

"வெளையாடல. முட்டை போடல. கேக்கு சுடுற டின்னு புதுசு. கரண்டி புதுசு. ஓவன ஈரத்துணி போட்டு மூணு வாட்டி தொடச்சிட்டேன். நீ துன்றதுக்குத்தான் பண்ணேன்."

எத்தனையோ பேருடைய பெயரை எழுதிய கைக்குத் தன் பெயரை எழுத வரவில்லை. 'பா' என்று போட்டதோடு நிறுத்திவிட்டாள். ஞானம்மாள் கவரை வாங்கி மீதியை அவளே எழுதினாள். எழுத்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மேலே ஏறிப் போயிற்று.

"கோணிக்கிச்சு" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பார்வதம். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வெட்டி, ஞானம்மாளே ஊட்டிவிட்டாள். நடுவில் கொஞ்சம் ஈரமாக இருந்தது. பார்வதம் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள்.

"எப்டி கீது?"

"இன்னொரு துண்டு குடுங்கக்கா."

மீதிக் கேக்கைத் தூக்குவாளியில் வைத்துக் கொடுத்தாள் ஞானம்மாள். மறுநாள் ரயில் கிளம்பி கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் பார்வதத்தின் பிள்ளைகள் வாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். கணவருக்கும் கொடுத்தாள். மூத்தவன் மறுபடி கையை நீட்டினான்.

வீட்டில் எந்தப் பண்டம் செய்தாலும் தன் பங்கையும் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடும் பார்வதம், வாளியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிடையாது. இது எனக்குப் பண்ணது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.