கடைசிப் பாட்டு அரங்கத்துக்குச் சொந்தம்

அரங்க வாசலில் காதை அடைத்துக்கொள்ள மஞ்சள் பஞ்சு கொடுத்தார்கள். அப்பா வாங்க மறுத்துவிட்டார்.

"டிக்கெட் எடுத்துக் கேக்க வந்துட்டு காதை அடைச்சுக்கறதா? நல்லா இருக்கே கூத்து!"

நான் இரண்டு ஜோடி வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சத்தத்துக்குப் பயந்து இல்லை, ஒரு பாட்டுக்குப் பயந்து. அந்த ஒரு பாட்டு மட்டும் அப்பாவின் காதில் விழக் கூடாது.

மேடையில் பாடப்போவது என் தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பேர். எட்டு வருடமாக அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்ததில்லை. அப்பா தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்தவர். சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்துவது அவர் வேலை. அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார், ஒன்பது மணிக்கு மேல் கதவு திறக்காது என்று. முதல் பிரசவத்துக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்த இரவு அம்மா எனக்குத் துணையாக இருந்தாள். வீட்டில் அப்பா மட்டும். ஒத்திகை முடிந்து நேரங்கழித்து வந்த வாலு கதவைத் தட்டியிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. திரும்பிப் போனவள் போனவள்தான்.

"மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன், கேக்கவே இல்ல" என்று அப்பா சொன்னார். அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். நம்பாமல் அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

வாலு நம்பினாளா என்று யாருக்கும் தெரியாது. அவள் அதை வைத்து ஒரு பாட்டுக் கட்டினாள். 'கதவு' என்று பேர். அவளுடைய இசைக்குழுவை நாலு பேர் திரும்பிப் பார்த்ததே அந்தப் பாட்டால்தான்.

இந்த முறை அவளே இறங்கி வந்து போன் செய்தாள். "அப்பாவக் கூட்டிட்டு வாக்கா. 'கதவு' இன்னைக்குப் பாடப்போறதில்ல. ஆனா கடைசிப் பாட்டு எங்க கையில இல்ல, அது தெரியும்ல?"

தெரியும். அவர்கள் குழுவின் வழக்கம் அது. கடைசிப் பாட்டை அரங்கம்தான் கத்திக் கேட்க வேண்டும். எந்தப் பேர் ஓங்கிக் கேட்கிறதோ, அதைப் பாடியே தீர வேண்டும்.

"அதுக்குள்ள அவரக் கிளப்பிடறேன்டி" என்றேன். என் சாமர்த்தியத்தின் மேல் எனக்கு அப்படியொரு நம்பிக்கை.

விளக்கு அணைந்தது. டிரம்ஸின் முதல் அடியிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாலு கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்தபோது முன்னால் சாய்ந்து பார்த்தார். "இளைச்சுட்டா" என்றார்.

எனக்குப் பாட்டு எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒவ்வொன்று முடியும்போதும் இன்னும் எத்தனை என்றுதான் கணக்குப் போட்டேன். அப்பாவோ, என் போதாத காலம், ரசிக்க ஆரம்பித்துவிட்டார். டிரம்ஸ் அடிக்கிற மொட்டைத் தலைப் பையனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முழங்காலில் விரலால் தாளம் போட்டபடி என் காதில் கத்தினார்.

"டயத்துக்கு அடிக்கிறான் பாரு! ஒரு நூல் பிசகல!"

கடைசிக்கு முந்தின பாட்டு முடிந்தது. நான் எழுந்தேன்.

"அப்பா, கிளம்பலாம். வெளிய வண்டி எடுக்கறதுக்குள்ள நெரிசல் ஆயிடும்."

"பாதியில எந்திரிச்சுப் போறது மரியாதையா? உக்காரு."

"அப்ப இதையாவது காதுல வச்சுக்குங்க" என்று பஞ்சை நீட்டினேன். கொசுவைத் தட்டுவதுபோல் என் கையைத் தட்டிவிட்டார். அவர் பிடித்தால் பிடித்ததுதான். இரண்டு பெண்களுக்கும் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

கத்தல் ஆரம்பித்தது. முதலில் வேறு வேறு பேர்கள். ஒரு பாட்டை ஒரு மூலை கேட்டது, இன்னொன்றைப் பால்கனி கேட்டது. அதுவே ஜெயிக்கட்டும் என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். பின்வரிசையில் நாலைந்து பேர் "கதவு" என்றார்கள். பத்துப் பேர் ஆனார்கள்.

அப்பாவுக்கு அடுத்த இருக்கையில் இருந்த பச்சைத் தலைமுடிக்காரப் பெண் அவர் தோளைத் தட்டினாள். "சும்மா உக்காந்திருந்தா எப்படி அங்கிள்? நீங்களும் கேளுங்க!"

"என்னன்னு கேக்கணும்?"

"கதவு!"

அப்பா எழுந்து நின்றார். நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் இரண்டு கையையும் வாயருகே குவித்து, தொழிற்சாலை மைதானத்தில் பேர் கூப்பிட்ட அதே குரலில் கத்தினார்.

"கதவு! கதவு!"

மகள் மேடையில் நிற்கிற சந்தோஷம் அவர் முகம் முழுக்க இருந்தது. எனக்கு அழுகை முட்டியது.

வாலு அந்தக் குரலைக் கேட்டுவிட்டாள். எப்படிக் கேட்காமல் இருக்கும்? அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டையிடம் கண்ணைக் காட்டினாள்.

அந்தப் பாட்டில் ஓர் இடத்தில் வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். அரங்கமே முன்னிருக்கையின் முதுகை மூன்று தரம் தட்டும். அப்பாவும் பார்த்துப் பார்த்துத் தட்டினார், சிரித்துக்கொண்டே. வாலு மெதுவாகப் பாடினாள்.

*ஒம்போது அடிச்சிருச்சு, ஊரெல்லாம் அடங்கிருச்சு…*

அப்பாவின் கை நாற்காலி முதுகிலேயே நின்றுவிட்டது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுபடி மூன்று தட்டு. அவர் தட்டவில்லை.

*உள்ள இருக்கற நீ தூங்கறியா, முழிச்சிருக்கியா?*

இதற்குப் பிறகு வருகிற நிசப்தம் ரசிகர்களுக்குக் கோயில் மாதிரி. இருமக்கூட மாட்டார்கள். பதில் வராத கதவு அது. மொட்டை மனசுக்குள் எண்ணி அடித்ததும், "தூங்கட்டும் பாவம், நான் போறேன்" என்று அவள் முடிப்பாள். அதுதான் கடைசி வரி.

அப்பாவுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"தூங்கலம்மா" என்றார்.

மேடைவரை கேட்டது. பச்சைத் தலைமுடி "ஷ்ஷ்" என்று அதட்டினாள். எட்டு வருடமாக இந்த மனிதர் சொன்னது பொய்யா? என் பக்கத்தில் நிற்கிறவரை அந்த நிமிடம் நான் வெறுத்தேன்.

மொட்டை அடித்துவிட்டான். வாத்தியங்கள் சேர்ந்துகொண்டன. வாலு பாடவில்லை. வாய் திறக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விட்ட வரியை அரங்கம் எடுத்துக்கொண்டது. "தூங்கட்டும் பாவம், நான் போறேன்" என்று அத்தனை பேரும் பாட, நடுவில் அப்பா மட்டும் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். குழு வணங்காமலே உள்ளே போனது.

கூட்டம் கலைந்ததும் அரங்கத்தின் பின்பக்கக் கதவுக்கு வந்தோம். நான் தட்டப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"வேணாம். எவ்வளவு நேரமானாலும் நிக்கறேன்."

நின்றார். சாமான் ஏற்றுகிறவர்கள் போனார்கள், வந்தார்கள். கடைசியில் வாலு வெளியே வந்தாள். மை கலைந்து கன்னமெல்லாம் கறுப்பு.

"எங்க இருந்தீங்க அன்னைக்கி?"

"கதவுகிட்டத்தான்மா. தாழ்ப்பாள்ல கை வச்சுட்டு நின்னேன். இன்னொரு தரம் தட்டட்டும், திறந்துடலாம்னு. நீ தட்டல."

"இத்தன வருஷம் கழிச்சு இப்ப எதுக்குச் சொன்னீங்க?"

"நீ கேட்டியேம்மா."

அரங்கத்தின் அந்தப் பின்கதவு தானாக மூடிக்கொள்கிற ரகம். வாலுவின் முதுகில் வந்து இடித்தது. அவள் குதிகாலை வைத்து அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"என் பாட்ட கெடுத்துட்டீங்க. இனிமே அந்தக் கடைசி வரிய எப்படிப் பாடறது?"

அப்பா கதவைப் பிடித்திருந்த அவள் குதிகாலைப் பார்த்தார்.

"கால் வலிக்குது, ரொம்ப நேரம் புடிக்க முடியாது" என்றாள் வாலு. "உள்ள வாங்க."