கீழ்வரிசைக் குளிர்

குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குச் சூடான ஈரக்காற்றை அனுப்பும் கருவியில் கீழ்வரிசை வெந்நீர்க் குழாய்கள் உறைந்து வெடித்த அன்று காலை, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வாடகை வீட்டில், அந்தக் கருவியை வடிவமைத்தவளின் கால்கள் இரண்டும் முழங்கால்வரை பனிக்கட்டியாயின. அவள் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தாள். வலி ஒன்றும் இல்லை. டாக்டர்கள் வந்து விரலால் தட்டிப் பார்த்தார்கள், தெர்மாமீட்டர் வைத்து மைனஸ் இரண்டு என்று குறித்துக்கொண்டார்கள், சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் அக்கம்பக்கத்தாருக்கும் அது பழகிவிட்டது.

ஆபீசில் அவளுக்கு ‘அறுபது’ என்று பட்டப்பெயர். குறைமாதக் குழந்தையின் தோல் காகிதத்தைவிட மெல்லியது, காற்று காய்ந்தால் அதுவும் காயும், வார்டில் ஈரப்பதம் அறுபது சதவீதத்தை விட்டு அசையக் கூடாது என்று ஒரு மாதம் தூங்காமல் கணக்குப் போட்டவள். வெளிக்காற்று எவ்வளவு, அதில் கலக்க வேண்டிய நீராவி எத்தனை கிராம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் வெந்நீர்க் குழாய் அடுக்கு உறையாமல் காக்கும் கம்பிக்கு அவள் ஒதுக்கியது பத்தே நிமிடம். கம்பி என்று சொன்னாலும் அது நூல்போல் மெல்லிய ஒரு செம்புக் குழல். அடுக்கின் முகம் முழுக்க வளைத்து வளைத்து ஓட்டினால், எந்த ஒரு சாண் இடம் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஃபேனை நிறுத்தி வெளிக்காற்றை அடைத்துவிடும். கீழ்ப்பாதியில் ஃபில்டர் சட்டம் இடித்தது, கை நுழைய இடமில்லை. மேல்பாதியில் மட்டும் நான்கு சுற்று வரைந்தாள், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள், படம் ஒப்புதலாகிப் போய்விட்டது. குளிர்காற்று கனமானது, கீழேதான் படுக்கும் என்பது இந்தத் தொழிலில் முதல் வருடத்துப் பாடம்.

அதைப் பொருத்திய மெக்கானிக் அவள் கணவன். கீழேயும் ஒரு சுற்று விட வேண்டாமா என்று அவன் சாப்பிடும்போது கேட்டான். படத்தில் இருக்கிறபடி போடுங்கள் என்று அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். அவன் போட்டான். இரண்டு குளிர்காலம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில், மேல்பாதி கதகதப்பாக இருந்ததால் கம்பி வாயைத் திறக்கவே இல்லை. கீழே குழாய்கள் வெடித்து, தண்ணீர் கூரை வழியாக இறங்கி மின்சாரப் பெட்டியை நனைத்தது. சூடும் ஈரமும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. நர்சுகள் குழந்தைகளைத் தங்கள் உடைக்குள் வைத்து அணைத்துக்கொண்டார்கள். ஆறு மணி நேரத்தில் மூன்று குழந்தைகள் இறந்தன.

விசாரணைக்குப் படம் கேட்டார்கள். அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கீழ்ப்பாதியில் இரண்டு சுற்று சேர்த்து, பழைய தேதியையே போட்டு அனுப்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஐந்து நிமிடம் போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால் பனி மேலே ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அது நியாயம் பார்க்கிற பனி அல்ல. விசாரணை மேசையில் புதிய படத்தைக் கணவன் கொஞ்ச நேரம் பார்த்தான். உண்மையான படம் அவன் கருவிப் பையில் மடித்துக் கிடந்தது. படத்தில் இருந்தது, நான்தான் போடாமல் விட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்று வருடம் ஜெயில் கிடைத்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாத்தனார் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். கால்களுக்கு அடியில் தட்டு வைத்தாள், வேளைக்கு வேளை தண்ணீரைக் கொட்டினாள். “அண்ணன் இப்படிச் சோம்பேறித்தனம் பண்ணுவாருன்னு நான் நினைக்கவே இல்ல அண்ணி” என்று தரை துடைக்கும்போதெல்லாம் சொன்னாள். அண்ணி மூன்று வருடமும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

கணவன் திரும்பி வந்த அன்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவன் தெரியும் என்றான். பிறகு ஏன் சும்மா இருந்தீர்கள் என்றாள்.

“நீ ஜெயிலுக்குப் போனா உன் கால் என்னாகும்னு யோசிச்சேன்” என்றான். “எனக்காக நீ ஒண்ணும் செய்ய வேணாம். ஆனா அந்த மூணு அம்மாங்களும் இன்னும் என்னைத்தான் சபிச்சுட்டிருக்காங்க. அது மட்டும் என்னால தாங்க முடியல.”

அவள் முதலில் கோர்ட்டுக்கு எழுதினாள். முடிந்துபோன வழக்கு என்று ஒரு வரியில் பதில் வந்தது. அப்புறம் அவன் நாற்காலியைத் தள்ள, மூன்று வீட்டுக்கும் போனார்கள். முதல் தாய் கடைசிவரை கேட்டுவிட்டு, அவனைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துக் கதவைச் சாத்தினாள். இரண்டாமவள் வீடு மாறிப் போயிருந்தாள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் மட்டும் இன்றுவரை அவனைத்தான் சபித்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாமவள் தையல்காரி. அன்றைக்கு அவளை வார்டுக்குள் விடவில்லை, துணி சுற்றிய பிறகுதான் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். அவள் திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எவ்வளவு குளிரா இருந்திருக்கும்?” என்று மட்டும் கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, நாற்காலியில் இருந்தவளின் பனிக்காலின்மேல் உள்ளங்கையை வைத்தாள். விரல்கள் வெளுத்து நீலமாகும்வரை எடுக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் குழந்தை இறந்த தேதியில் தையல்காரி வந்துவிடுகிறாள். தையல் வேலைக்கு வலது கை வேண்டும் என்பதால் இப்போது இடது கையைத்தான் வைக்கிறாள். நாத்தனார் அண்ணியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், ஆனாலும் வந்தவளுக்கு ஒரு தலையணை எடுத்துப் போடுகிறாள். அவள் கையை எடுக்க ஆறு மணி நேரம் ஆகும். அவன் நடுநடுவே தட்டை மாற்றிவிட்டுப் போகிறான்.